நாற்பத்து மூன்றாவது பேர்

சந்திரமதி தன் ஐம்பத்தேழு வருட வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் மாரியம்மன் கோயில் வாசலில், கையில் அர்ச்சனைத் தட்டோடு, தோட்டமே பார்க்க நின்று சொன்னாள். சின்னப் பொய்கள் கணக்கில் வராது. ஆயாக் கொட்டகையில் பதினான்கு வருடம் பிள்ளை பார்த்தவள், நாளைக்கு இருபது பொய் சொல்லாமல் ஒரு பிள்ளைக்கும் சோறு ஊட்டியிருக்க முடியாது. கோயில் வாசலில் சொன்னது வேறு. சொன்ன வாயாலேயே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாளே, அதற்காகத்தான் கேமரன் மலையின் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இன்றைக்கும் அவள் பேரை எடுத்தால் சனங்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும்போது, அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடும் இடம்தான் ஆயாக் கொட்டகை. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிள்ளைகள் குறைந்துபோய்க் கொட்டகையைப் பூட்டியபோது, சந்திரமதியை ஆலையில் தூள் தரம் பிரிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சிப் பாத்திரத்தோடு முதலில் நிற்பவள் அவள்தான். அதனால் அந்த வாயை எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

அவள் புருஷன் லெட்சுமணன். அறுபத்தாறு வயது. முப்பத்தெட்டு வருடம் அதே தோட்டத்தில் உழைத்து, அதில் பாதிக்கு மேல் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதருக்கு இரண்டே பெருமை. ஒன்று, காகிதம் பார்க்காமல் பெரட்டில் நூற்றுச் சொச்சம் பேரையும் கூப்பிடுவார். இன்னொன்று, ஒரு சொட்டுக் குடிக்க மாட்டார். அவருடைய அப்பா சம்சு குடித்துக் குடித்தே நாற்பது வயதில் மண்ணுக்குப் போனவர். பன்னிரண்டு வயதில் கொள்ளி வைத்துவிட்டு வந்த அன்று எடுத்த முடிவு அது. கல்யாண வீட்டில் கூட்டாளிகள் பீர் டின்னை நீட்டினால், "என் பங்கயும் சேத்து எங்கப்பாவே குடிச்சிட்டுப் போயிட்டாருலா" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

சித்திரைத் திருவிழாவின் கடைசி நாளில், தீபாராதனை முடிந்ததும் பேர் கூப்பிடுவது அந்தக் கோயிலின் வழக்கம். கோயிலைக் கட்டிய கங்காணி, பெரட்டில் கூப்பிட்டதுபோலவே சாமி முன்னாலும் தன் ஆட்களைக் கூப்பிட்டாராம். அது அப்படியே நின்றுவிட்டது. நாற்பத்து மூன்று குடும்பங்கள், தோட்டத்துக்கு வந்து சேர்ந்த வரிசையில். பேர் விழுந்ததும் அந்த வீட்டுத் தலைவர் "இருக்கேன்" என்று குரல் கொடுத்து, முன்னால் போய்ப் பிரசாதத் தட்டை வாங்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாகக் கூப்பிட்டவர் லெட்சுமணன். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலையை அவரிடமிருந்து யாரும் கேட்கவில்லை. கடைசியாக வந்த குடும்பம் அவருடையது என்பதால் நாற்பத்து மூன்றாவது பேர் அவர் பேர்தான். அதையும் அவரே கூப்பிட்டு, ஆளைத் தேடுவதுபோல் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலை மாற்றி "இருக்கேன்" என்பார். வருடா வருடம் அதே வேடிக்கை. வருடா வருடம் சனங்கள் சிரிப்பார்கள்.

அவருக்கு முதலில் குழம்பியது பேர்கள் அல்ல, வழிகள். நாற்று வாங்கத் திரிங்காப் ஊருக்குப் போன மனிதர் எங்கே இறங்குவதென்று தெரியாமல் பஸ்ஸிலேயே உட்கார்ந்து திரும்பி வந்தார். ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்து, தொப்பியை மாட்டிக்கொண்டு பெரட்டுக் களத்தில் போய் நின்றார். கோப்பியில் உப்பைக் கொட்டிவிட்டு, சந்திரமதி கொட்டியதாகச் சண்டை போட்டார். அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பயம் வந்தது. பயத்தை வெளியே காட்டாமல் மூடி மறைக்கக் கற்றுக்கொண்டாள். யாராவது எதிரே வந்தால் அவருக்கு முந்திக்கொண்டு, "இந்தா, செல்லம் வர்றா பாருங்க" என்று பேரை எடுத்துக் கொடுத்துவிடுவாள். பக்கத்து வீட்டுச் செல்லத்துக்கே அது ஒன்றும் தெரியவில்லை. இந்த வாயாடி புருஷனைப் பேச விடுவதில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

அந்த வருடத் திருவிழாவில் எல்லாம் உடைந்தது. கையில் காப்புக் கட்டியிருந்த லெட்சுமணன் இருபத்தைந்து பேர் வரைக்கும் பிசகில்லாமல் கூப்பிட்டார். இருபத்தாறாவதாக, "ராமசாமி" என்றார்.

ராமசாமி முந்தின கார்த்திகையில் இறந்துபோயிருந்தார். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து, லெட்சுமணனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த கூட்டாளி. சாவு விழுந்த வீடு ஒரு வருடத்துக்குக் கோயில் மரியாதை வாங்காது, பேரும் கூப்பிட மாட்டார்கள். ராமசாமியின் மகன் திருச்செல்வம் அதனால்தான் வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்றிருந்தான்.

"ராமசாமி எங்க? கூப்பிடுங்கலா அவன. அவன் வராம அடுத்த பேரு சொல்ல மாட்டேன்."

திருச்செல்வத்துக்கு முகம் கறுத்துப்போயிற்று. "என்னா மாமா, வெளாட்டா? அப்பா செத்து இன்னும் வருசம் திரும்பல."

"செத்துட்டானா? யாரு சொன்னா ஒனக்கு?" என்றார் லெட்சுமணன். பாடைக்குத் தோள் கொடுத்தவர் அவர். குரலில் கிண்டல் துளியும் இல்லை. ஆனால் அதைக் கேட்கும் நிலையில் அங்கே யாரும் இல்லை.

பின்னாலிருந்து ஒருவர், "தண்ணி போட்டுட்டு வந்து நிக்கிறாரு போல" என்றார். கூட்டம் சந்திரமதியைத் திரும்பிப் பார்த்தது.

அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்கு மேல் லயத்து அம்மா ஒருத்தி ஞாபகம் வந்தாள். முன்னொரு காலத்தில் புத்தி தடுமாறிப் போனவள். பைத்தியம் என்று பேர் வைத்து, கதவை வெளிப்பக்கம் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கதவைத் தாண்டிப் போகப் பிள்ளைகள் ஓட்டமாக ஓடுவார்கள். சந்திரமதியும் ஓடியிருக்கிறாள். குடிகாரன் என்றால் அப்படியில்லை. லயத்தில் வீட்டுக்கு ஒருத்தன் உண்டு. திட்டுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள்.

"ஆமாப்பா," என்றாள் திருச்செல்வத்திடம். "கொஞ்சம் குடிச்சிட்டாரு. நாந்தான் கவனிக்காம உட்டுட்டேன். மனசுல வச்சிக்காத."

காப்புக் கட்டிய கையோடு குடிப்பது எப்பேர்ப்பட்ட குற்றம் என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பூசாரி வந்து லெட்சுமணன் கையிலிருந்த காப்பை அறுத்தார். மீதிப் பேர்களைக் கமிட்டிக்காரர் ஒருவர் தப்பும் தவறுமாகக் கூப்பிட்டு முடித்தார். வெறும் கையைத் தடவிக்கொண்டே, "என்னாச்சு சந்திரா, நான் என்னா செஞ்சேன்?" என்று வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டு வந்தார் மனிதர்.

பொய் நன்றாகவே வேலை செய்தது. அவர் என்ன தடுமாறினாலும் 'போட்டுட்டாரு' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். சந்திரமதி நிம்மதியாக ஆலைக்குப் போய் வந்தாள். ஆவணி மாதம் ஒரு நாள் மாலை, பனி இறங்கிக்கொண்டிருந்த நேரம், வேலை முடிந்து வந்தவள் முச்சந்திப் பாலக்கட்டையில் அவரைப் பார்த்தாள். இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கையில் பீர் டின்.

"இந்தா சந்திரா, குளுருக்கு நல்லாருக்குலா இது," என்று அவளிடமே நீட்டினார்.

அவள் போட்ட சத்தத்தில் அந்த இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அதில் ஒருவன் தயங்கித் தயங்கி, "நீங்கதானக்கா சொன்னீங்க, அவரு குடிப்பாருன்னு" என்றான். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. தான் குடிக்காதவர் என்பதே அவருக்கு மறந்துவிட்டிருந்தது. அதை ஞாபகப்படுத்த வேண்டிய தோட்டத்துக்கு, அவர் குடிகாரர் என்று இவளே சொல்லிக்கொடுத்திருந்தாள். வீட்டுக்குக் கூட்டிவந்து, வாயைக் கொப்பளிக்க வைத்து, சட்டையை மாற்றிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்பன் பாடையை நினைத்து ஐம்பத்து நான்கு வருடம் கட்டிக் காத்த பேர். அதைத் தன் வாயால் கெடுத்துவிட்டோம் என்று நெஞ்சு எரிந்தது.

மறுநாள் ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கும் மகள் லோகேஸ்வரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மகள் அந்த வாரமே காடியை ஓட்டிக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே டாக்டர் சசிரேகா அவரை உட்காரவைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகத்தின் பேர் சொல்ல முடியும் என்று கேட்டார். ஆடு, மாடு, நாய், யானை. அதோடு நின்றுவிட்டது. பிறகு லெட்சுமணன் நாற்பத்து மூன்று குடும்பங்களின் பேரைச் சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் தடுக்கவில்லை. இருபதைத் தாண்டும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஈப்போவுக்கு அனுப்பி மூளையைப் படம் எடுத்து, ரத்தம் பார்த்து, எல்லாம் முடிந்து வந்தபோது டாக்டர் நோயின் பேரைச் சொன்னார். டிமென்ஷியா. வயதானால் வருகிற சாதாரண மறதி இல்லை, இது மூளைக்கு வருகிற நோய், பைத்தியமும் இல்லை, யாரும் செய்த பாவமும் இல்லை என்றார். திரும்பக் குணமாக்க மருந்து இல்லை, ஆனால் பார்த்துக்கொள்ளும் விதத்தில் நிறைய நல்ல நாட்கள் கிடைக்கும் என்றார்.

"ஒன்னு மட்டும் தள்ளிப் போடாதீங்க அம்மா," என்றார் சசிரேகா. "வருங்காலத்துல யாரு பாத்துக்கறது, எங்க இருக்கறது, இதெல்லாம் இப்பவே உக்காந்து பேசுங்க. ஐயா தெளிவா இருக்கற நேரத்துல அவரையே கேளுங்க. அப்பறம் நீங்களா யூகிக்க வேண்டியிருக்கும்."

திரும்பும் வழியில் அம்மாவும் மகளும் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஈப்போவுக்கு வந்துவிடுங்கள் என்பது லோகேஸ்வரியின் கட்சி. நாலாம் மாடியில், கதவைத் திறந்தால் ஒரு முகம் தெரியாத இடத்தில் அவரை எப்படி வைத்திருப்பது என்பது சந்திரமதியின் கட்சி. ஆனால் இங்கேயே இருப்பதற்கும் வழி தெரியவில்லை. தோட்டத்து வீடு வேலை செய்கிறவர்களுக்குத்தான். அவரைப் பார்த்துக்கொள்ள இவள் வேலையை விட்டால் வீட்டை விட வேண்டும். வேலைக்குப் போனால் பகலெல்லாம் அவரை யார் பார்ப்பது? லோகேஸ்வரி இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, காலைப் பசியாறிவிட்டு அவர் தெளிவாக இருந்த நேரம். லோகேஸ்வரி ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். அப்பாவுக்குத் தன்னால் குளிக்க முடியாத காலத்தில் யார் குளிப்பாட்டலாம்? அம்மா மட்டும், அவளால் முடியாவிட்டால் ஒரு ஆம்பளை ஆள். அம்மாவுக்கே உடம்பு முடியாமல் போனால்? அப்போது ஈப்போவுக்கு வருகிறேன், தகராறு பண்ணினாலும் கூட்டிக்கொண்டு போ என்றார். கடைசி வரைக்கும் கோப்பியில் சீனி குறைக்கக் கூடாது என்பதையும் எழுதச் சொன்னார். சந்திரமதி ஆட்சேபித்தாள். "என் நோட்டுலா இது, நீ பேசாத" என்றார்.

"இப்ப எங்கப்பா இருக்கணும் நீங்க?"

ஜன்னல் வழியாக எதிர்வரிசை வீடுகளைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கு யாரையும் தெரியாமப் போனாலும் பரவால்ல. என்னத் தெரிஞ்சவங்க இருக்கற எடத்துல உடுங்க."

லோகேஸ்வரியால் மேற்கொண்டு எழுத முடியவில்லை. பேனாவை அவரே வாங்கி, அந்தப் பக்கத்துக்கு அடியில் மண்டோர் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். சந்திரமதி எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். அவரைத் தெரிந்தவர்கள் நிறைந்த இடம்தான் இது. ஆனால் அவர்களுக்குத் தெரிந்த லெட்சுமணன், இவள் பொய்யால் செய்த லெட்சுமணன். அந்த மனிதரின் ஒரே ஆசையைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் செய்ய வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கார்த்திகையில் கோயில் கமிட்டியின் வருடக் கூட்டம். கோயில் மண்டபத்தில் லயமே கூடியிருந்தது. கணக்கு வாசித்து முடிந்து, வேறு விஷயம் உண்டா என்று தலைவர் கேட்டபோது பின்வரிசையில் சந்திரமதி எழுந்தாள். அந்தக் கூட்டத்தில் பொம்பளைகள் எழுந்து பேசுவது டீ ஆறிவிட்டது என்று சொல்ல மட்டும்தான்.

"எங்க வூட்டுக்காரரு திருவிழாவுல குடிக்கல," என்றாள். "அன்னிக்கு மட்டும் இல்ல, அதுக்கு முந்தி அவரு குடிச்சதே இல்ல. பொய் சொன்னது நானு. அவருக்கு மறதி நோய். டிமென்ஷியான்னு டாக்டர் சொல்றாங்க. ராமசாமி அண்ணன் செத்தது அவருக்கு அன்னிக்கு நெசமாவே ஞாபகம் இல்ல. நோயின்னு சொன்னா பைத்தியம்னு சொல்வீங்கன்னு பயந்து, குடிகாரன்னு சொல்லிட்டேன். அம்மன் வாசல்ல சொன்ன பொய்ய அம்மன் வாசல்லயே எடுத்துக்கறேன். அறுத்த காப்புக்கு என்னா பரிகாரமோ அத நான் செய்றேன். அவரு பேர மட்டும் திருப்பிக் குடுங்க."

திருச்செல்வம் எழுந்தான். "ஏழு மாசமா அந்த மனுசன நான் மொகம் பாக்கலத்த. அப்பாவோட ஒரே கூட்டாளி. சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வெளியே போய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சந்திரமதிக்கு அது அடிபோல விழுந்தது. ஆனாலும் அவள் உட்காரவில்லை.

அப்புறம் மேல் லயத்துக் காளியம்மா மெதுவாக வாய் திறந்தாள். தன் அண்ணன் மூன்று மாதமாகச் செருப்பைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறார், சூனியம் என்று நினைத்து எலுமிச்சம்பழம் சுற்றிக்கொண்டிருக்கிறோம் என்றாள். கீழ் லயத்தில் இன்னொரு வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். அந்த வீட்டில் கதவைப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்களாம். ஒரே கூட்டத்தில் மூன்று வீடு. கூட்டம் முடிந்ததும் பொம்பளைகள் சந்திரமதியைச் சூழ்ந்துகொண்டு, டாக்டர் சொன்னதை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவள் வாய் நீளம் என்று யாரும் குறை சொன்னதில்லை. அந்த வாயோடுதான் வீடு வீடாக ஏறி இறங்கினாள். இல்லை என்று அடித்துப் பேசாதீர்கள், ஞாபகம் இருக்கிறதா என்று சோதிக்காதீர்கள், பூட்டாதீர்கள், சந்தேகம் வந்த உடனே டாக்டரிடம் போங்கள், போய்வந்து நோட்டுப் போட்டு எழுதுங்கள். லோகேஸ்வரியின் நோட்டைப் பார்த்து இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு நோட்டு எழுதினார்கள். லெட்சுமணனைப் பார்த்தால் முதலில் உங்கள் பேரைச் சொல்லுங்கள், அவரைத் தேட விடாதீர்கள் என்பதுதான் லயம் முழுக்க அவள் போட்ட ஒரே உத்தரவு.

மறுநாள் காலையிலேயே செல்லம் வாசலில் நின்று, "மண்டோரே, நான் செல்லம், பக்கத்து வூடு" என்றாள். பிறகு அது வழக்கமாயிற்று. வேலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக அவர் வாசலில் பேரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். புதிதாக வந்த வங்காளதேசத்து ஆட்கள்கூட நெஞ்சில் கை வைத்துத் தங்கள் பேரைச் சொன்னார்கள். லெட்சுமணன் ஒவ்வொருவருக்கும் தலையாட்டி, "சரி, போ" என்பார். பெரட்டு அவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. அவர் களத்துக்கு ஓடுவதும் நின்றுபோயிற்று.

திருச்செல்வம் மட்டும் பேர் சொல்லவில்லை. மோட்டாரில் தலையைத் திருப்பிக்கொண்டு போனான். சந்திரமதி அவனை ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தனக்கு வாயில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஆயாக் கொட்டகையின் சாவியைக் கேட்டு அவள் துரையிடம் போனது மார்கழியில். இப்போது இருப்பவர் சின்ன வயது மேனேஜர். கொட்டகை எதற்கு, அங்கே பிள்ளைகளே இல்லையே என்றார். "பிள்ளைங்க இல்ல சார். பெரட்டுக்குப் போறவங்க வூட்டுல பாக்க ஆள் இல்லாம மூனு பேரு இருக்காங்க. அன்னிக்கு பிள்ளைங்கள உட்டுட்டு எல்லாரும் நிம்மதியா வேலைக்குப் போனாங்க. இன்னிக்கு இவங்கள உட்டுட்டுப் போகட்டும். நான் பாத்துக்கறேன்" என்றாள். மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். மூன்று தடவை நினைவூட்டிய பிறகு மாசியில் கடிதம் வந்தது. ஒரு வருடம் பார்க்கலாம், சந்திரமதி ஆயா வேலைக்குத் திரும்பலாம். வேலை இருந்தது, அதனால் வீடும் இருந்தது. கொட்டகையைக் கழுவிவிட்ட அன்று பூட்டுத் திறந்த சத்தத்தைக் கேட்டு லயத்துப் பொம்பளைகள் கை தட்டினார்கள். அன்றைக்கு அவள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

சித்திரை திரும்பியது. இந்த வருடமும் மண்டோரே கூப்பிடட்டும், பக்கத்தில் சந்திரமதி காகிதத்தோடு நிற்கட்டும் என்று கமிட்டி சொன்னது. பூசாரி தாமாகவே வந்து லெட்சுமணன் கையில் காப்பைக் கட்டினார்.

தீபாராதனை முடிந்தது. முதல் பேர், இரண்டாவது பேர் என்று அவர் குரல் பழைய கம்பீரத்தோடு எழுந்தது. பதினெட்டில் நின்றது, சந்திரமதி மெல்லச் சொன்னாள், தொடர்ந்தார். இருபத்தொன்றை மறந்தார், கூட்டத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தார்கள். இருபத்தாறு வந்தது. காகிதத்தில் திருச்செல்வம் என்று இருந்தது.

"ராமசாமி," என்றார் லெட்சுமணன்.

சந்திரமதி காதோடு திருத்திச் சொல்லலாம். ஆனால் இல்லை என்று அடித்துப் பேசாதீர்கள் என்று லயம் முழுக்கச் சொன்னவளே அவள்தான். திருச்செல்வம் இந்த வருடம் உள்ளே, தூணோரம் நின்றிருந்தான். அவனைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"ராமசாமி எங்க?"

"இருக்கேன், மண்டோரே."

திருச்செல்வம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றான். கண்ணெல்லாம் தண்ணீர். லெட்சுமணன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஏன்டா லேட்டு? அடுத்த தடவ பேரு போட மாட்டேன்" என்றார். கூட்டம் சிரித்தது, அழுதது, எதைச் செய்கிறோம் என்றே அதற்குத் தெரியவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு திரும்பிய திருச்செல்வம் சந்திரமதி பக்கம் குனிந்து, "மாமா ஒரு சொட்டுத் தொடமாட்டாருன்னு அப்பா எப்பவும் பெருமையா சொல்வாருத்த. நீங்க சொன்னாலும் நான் நம்பியிருக்கக் கூடாது" என்றான்.

மீதிப் பேர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. நாற்பத்து இரண்டும் முடிந்தது.

"லெட்சுமணன்," என்று கூப்பிட்டுவிட்டு அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பழைய வேடிக்கை திரும்பிவிட்டது என்று சனங்கள் சிரித்தார்கள். அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தை நீட்டி, கடைசி வரிசை வரைக்கும், நிஜமாகவே தேடினார். சிரிப்பு அடங்கியது.

"லெட்சுமணன் வரலயா?" என்று கேட்டார்.

சந்திரமதி வாயைத் திறந்தாள். இத்தனை மாதமாக அவருக்கு முந்திக்கொண்டு பேர் சொல்லிப் பழகிய வாய். இந்தத் தடவை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இருக்காரு, மண்டோரே," என்றாள் செல்லம். "இருக்காரு," என்றான் திருச்செல்வம். காளியம்மா சொன்னாள், பூசாரி சொன்னார், வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் நின்ற வங்காளதேசத்து ஆட்கள்கூடச் சொன்னார்கள். மண்டபம் முழுக்க அந்த ஒரு சொல்லே எழுந்தது.

லெட்சுமணன் திருப்தியாகத் தலையாட்டினார். காகிதத்தைச் சந்திரமதி கையிலிருந்து வாங்கி, மடித்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சரி, ஆள் எல்லாம் வந்தாச்சு," என்றார். "வேலைக்குப் போங்க."